கியர் ஹார்டியின் பாராளுமன்றப் பேச்சுகள், 1900–1915: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கியர் ஹார்டி யார்? எந்தெந்த ஆண்டுகளில் அவர் பேச்சு கிடைக்கும்?

ஸ்காட்லாந்தின் லானார்க்‌ஷயரில் 1856-ல் பிறந்தவர். பத்து வயதில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கியவர். பிரிட்டிஷ் தொழிற்கட்சியை உருவாக்கியவர்களில் முதல் வரிசை ஆள். 1892 முதல் 1895 வரை லண்டன் ஓரத்து வெஸ்ட் ஹாம் தெற்குத் தொகுதிக்கும், 1900 முதல் 1915 செப்டம்பர் 26-ல் இறக்கும்வரை வேல்ஸின் மெர்தர் டிட்வில் தொகுதிக்கும் பிரிட்டிஷ் கீழ்சபையான காமன்ஸ் சபையில் உறுப்பினர். நடுவில் ஐந்து ஆண்டு வெற்றிடம்; அந்த ஆண்டுகளில் அவர் பெயரைத் தேடிக் களைத்துப்போக வேண்டாம்.

மெர்தர் இரட்டை உறுப்பினர் தொகுதி. அதனால் "மெர்தர் உறுப்பினர்" என்று ஓர் அமைச்சர் பதில் சொன்னால் அது ஹார்டிக்குத்தான் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பக்கத்து இருக்கைக்காரர், நிலக்கரி முதலாளியான லிபரல் கட்சி டி. ஏ. தாமஸாகவும் இருக்கலாம். 1910 முதல் அந்த இடத்தில் எட்கர் ஜோன்ஸ்.

ஹான்சார்ட் என்கிற பாராளுமன்ற விவாத அறிக்கை, பேசியதைப் பேசியபடி எழுதிய பதிவுதானே?

1909-க்குப் பிறகு, ஏறக்குறைய ஆமாம். அதற்கு முன்பு, இல்லை. ஹார்டியை வாசிப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான், ஏனென்றால் அவருடைய அவை வாழ்க்கையை இந்த 1909 என்ற கோடு நடுவில் வெட்டுகிறது.

1892 முதல் 1908 வரை வந்தது "நான்காம் வரிசை", 199 புத்தகத் தொகுதிகள். அதை அச்சிட்டவர்கள் ஒப்பந்ததாரர்கள். அமைச்சர் பேசினால் நீளமாக வரும். பின்வரிசை உறுப்பினர் பேசினால் சுருங்கும். நள்ளிரவுப் பேச்சும் குழுநிலைப் பேச்சும் இன்னும் சுருங்கும். பல இடங்களில் "நான்" என்று பேசியது "அவர் கூறினார், அவர் கருதினார்" என்று படர்க்கைக்கு மாறிவிடும். அவையில் கட்சியே இல்லாத, ஒப்பந்ததாரருக்கு முக்கியமாகத் தோன்றாத ஓர் உறுப்பினருக்கு இதனால் எவ்வளவு நஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

1907-ல் ஒரு தெரிவுக் குழு இதை ஆராய்ந்து வரையறை கொடுத்தது: முற்றிலும் சொல்லுக்குச் சொல்லாக இருக்க வேண்டியதில்லை; திரும்பத் திரும்பச் சொன்னதையும் வெளிப்படையான பிழையையும் நீக்கலாம்; ஆனால் பொருளுக்கோ வாதத்துக்கோ உதவும் எதையும் விடக் கூடாது. 1909 கூட்டத்தொடரிலிருந்து சபையே சொந்தச் செய்தியாளர்களை வைத்துக்கொண்டது. அதுவே "ஐந்தாம் வரிசை". அன்று முதல் காமன்ஸ் சபைக்கும் பிரபுக்கள் சபைக்கும் தனித்தனித் தொகுதிகள்.

"ஹான்சார்ட்" என்ற பெயர்கூட ஹார்டி காலத்து அட்டையில் கிடையாது. அச்சுக்காரக் குடும்பத்தின் பெயர் அது. 1889-ல் அவர்கள் விலகிய பிறகு தலைப்பிலிருந்து போய், 1943-ல்தான் திரும்பியது. மக்கள் வாயில் மட்டும் போகவே இல்லை. இலங்கைப் பாராளுமன்றத்தின் அறிக்கை இன்றும் "ஹன்சாட்" என்றுதானே அழைக்கப்படுகிறது.

சில பேச்சுகளில் பெயருக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருக்கிறது. அது நட்சத்திரக் கேள்வியா?

இல்லை. நம் சட்டமன்றத்தையும் நாடாளுமன்றத்தையும் பார்த்துப் பழகியவர்கள் சறுக்கும் இடம் இது. நான்காம் வரிசையில் பேச்சின் தொடக்கத்தில், பெயருக்கு முன் நட்சத்திரம் இருந்தால், அந்த உறுப்பினர் அச்சுக்கு முன் தன் பேச்சைப் பார்த்துத் திருத்தினார் என்று அர்த்தம். நட்சத்திரம் இல்லாவிட்டால் அவர் பார்க்கவில்லை, செய்தியாளர் எழுதியதுதான்.

கேள்விக்கான நட்சத்திரம் வேறு சமாச்சாரம். 1902 விதித் திருத்தத்துக்குப் பிறகு, அவையில் வாய்மொழிப் பதில் வேண்டுமென்றால் கேள்வித்தாளில் நட்சத்திரம் இட வேண்டும். இடாத கேள்விக்கு அச்சில் பதில் வரும். டெல்லியின் நட்சத்திரக் கேள்வி அங்கிருந்து வந்த வழக்கம்.

நடைமுறையில் இதன் பயன் ஒன்று உண்டு. ஹார்டி பேச்சில் ஒரு சொல்லை வைத்து வாதம் கட்டப்போகிறீர்கள் என்றால், முதலில் நட்சத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தச் சொல்லுக்கு அவர் பொறுப்பு. இல்லாமல், படர்க்கையிலும் இருந்தால், கருத்து அவருடையது, சொல் அவருடையதாக இல்லாமலும் இருக்கலாம்.

ஒரு குறிப்பிட்ட பேச்சைத் தேடி எடுப்பது எப்படி?

பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1803 முதல் 2005 வரையிலான ஹான்சார்டை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அதில் உறுப்பினர் பெயர்ப் பட்டியல் உண்டு. "ஹா" வரிசைக்குப் போய் ஹார்டி பெயரைத் தட்டினால் ஆண்டுவாரியாக அவர் பேசிய விவாதங்கள் வரும். ஆண்டைத் தட்டினால் தேதியும் தலைப்பும். தலைப்பைத் தட்டினால் அவர் பேசிய இடத்துக்கே போய் நிற்கும்.

இதோடு நிறுத்தினால் பாதிதான் கிடைக்கும். பழைய அச்சைக் கணினி வருடி எழுத்தாக்கியபோது பெயர்கள் சிதைந்திருக்கின்றன. கியர் என்பதில் ஆங்கில எழுத்துகள் ஈ-யும் ஐ-யும் இடம் மாறியிருக்கும். அப்படிச் சிதைந்த பேச்சு அவர் பெயர்ப் பக்கத்தில் சேராது. ஆகவே இரண்டாவது வழியிலும் தேட வேண்டும்: தேதி தெரிந்தால் நாட்காட்டி வழியாக அந்த நாளுக்குப் போய், முழு விவாதத்தையும் திறந்து, தொகுதிப் பெயரைத் தேடுங்கள். ஹான்சார்ட் டிட்வில் என்பதை அந்தக் காலத்தில் ‘எஃப்’ எழுத்துக்குப் பதில் ‘வி’ எழுத்தில் அச்சிட்டது. இன்றைய எழுத்தில் தேடினால் ஒன்றும் வராது. புதிய ஹான்சார்ட் தளத்தில் "கியர்" என்று மட்டும் தட்டினால் இக்காலத் தொழிற்கட்சிக்காரர் கியர் ஸ்டார்மர்தான் வந்து குவிவார். ஆண்டு வரம்பை முதலில் போட்டுவிடுங்கள்.

குறிப்பு எடுக்கும்போது தேதி, வரிசை, புத்தகத் தொகுதி எண், பத்தி எண் நான்கும் வேண்டும். பத்தி என்றால் நாளிதழில் இருப்பது போன்ற நெடும்பத்தி: பக்கத்துக்கு இரண்டு, எண் பக்கத்துக்கு அல்ல, பத்திக்கு. வரிசையை விட்டுவிடாதீர்கள். 1909-ல் தொகுதி எண் மறுபடி 1-லிருந்து தொடங்கியது. தென்னாப்பிரிக்க மசோதா விவாதம் ஐந்தாம் வரிசையின் 9-ம் தொகுதி. வரிசையைக் குறிக்காமல் "தொகுதி 9" என்று எழுதினால், வாசகர் நான்காம் வரிசையின் 9-ம் தொகுதியை, அதாவது 1893-ஐத் திறப்பார். வேடிக்கை என்னவென்றால் அப்போதும் ஹார்டி அவையில் இருந்தார். தவறு கண்ணில் படவே படாது.

அவர் பெயர்ப் பக்கத்தில் இருக்கும் பங்களிப்புகளை எண்ணினால், எந்த ஆண்டு அதிகம் உழைத்தார் என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. அந்தப் பக்கத்துக்கு ஒரு மணிநேரப் பேச்சும் ஒன்று, குறுக்கே எழுந்து "அது உண்மையா?" என்று கேட்டதும் ஒன்று. ஒரே கேள்விக்கு மூன்று துணைக்கேள்வி கேட்டிருப்பார். பட்டியலில் ஒரு வரி.

எண்ணிக்கையை எடுப்பதற்குப் பதிலாக பத்தி எண்ணைப் பாருங்கள். விவாதம் எந்தப் பத்தியில் தொடங்கியது, எங்கே முடிந்தது, அதில் ஹார்டிக்கு எத்தனை பத்தி. கூடவே அன்று இரவு மணி என்ன என்று தெரிந்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். கீழே வரும் 1901 சம்பவம் அதற்கு நல்ல உதாரணம்.

1901-ல் அவர் கொண்டுவந்த சோஷலிஸ்ட் தீர்மானம் என்ன ஆயிற்று?

1901 ஏப்ரல் 23, செவ்வாய்க்கிழமை. நிலமும் மூலதனமும் தனியார் கையில் இருப்பது நாட்டுக்கு ஆபத்து. நிலத்துக்கும் மூலதனத்துக்கும் பொது உடைமை, லாபத்துக்காக அல்லாமல் பயனுக்காக உற்பத்தி, ஒவ்வொரு குடிமகனுக்கும் சம வாய்ப்பு ஆகியவற்றின்மேல் ஒரு சோஷலிஸ்ட் பொதுநல அரசை நிறுவச் சட்டம் வேண்டும் என்பது தீர்மானத்தின் சாரம். பெரும் பணம் படைத்த கூட்டு நிறுவனங்கள் அரசுகளை ஆட்டிவைத்து நாடுகளைப் போரில் தள்ளுகின்றன என்றும் அதில் ஒரு வரி உண்டு. தென்னாப்பிரிக்காவில் பிரிட்டன் நடத்திய போயர் போர் நடந்துகொண்டிருந்த நேரம். யாரைக் குத்துகிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தச் சபையில் முழுமையான சோஷலிசக் கோரிக்கை தீர்மானமாக வந்தது அதுவே முதல் முறை.

இப்போது கடிகாரத்தைப் பாருங்கள். அவர் எழுந்தபோது இரவு ஏறக்குறைய பதினொன்றரை. அப்போதைய விதிப்படி எதிர்ப்புள்ள எந்த அலுவலும் நள்ளிரவு பன்னிரண்டுக்கு நின்றுவிடும். அரைமணியில் உலகத்தையே மாற்றும் தீர்மானத்தை முன்மொழிய வேண்டும். நான்காம் வரிசை, 92-ம் தொகுதி, பத்தி 1175 முதல் 1180 வரை: மொத்தமே ஆறு பத்தி. வாக்கெடுப்பு நடக்கவில்லை.

அதனால் "ஹார்டியின் சோஷலிசத் தீர்மானம் தோற்கடிக்கப்பட்டது" என்று எழுதுவது தவறு. தோற்கவும் இல்லை, வெல்லவும் இல்லை, நேரம் தீர்ந்தது. பேச்சு சுருக்கமாக இருப்பதைப் பார்த்து "ஆழமில்லை" என்பவர்களும் உண்டு. 1900 தேர்தலில், பிற்பாடு தொழிற்கட்சியான தொழிலாளர் பிரதிநிதித்துவக் குழுவின் சார்பில் ஜெயித்தவர்கள் இரண்டே பேர், ஹார்டியும் டெர்பியின் ரிச்சர்ட் பெல்லும். அப்படிப்பட்டவருக்கு முன்னிரவு நேரம் எங்கே கிடைக்கும்?

1906 பெண்கள் வாக்குரிமைத் தீர்மானம் "பேசியே கொல்லப்பட்டது" என்கிறார்கள். எப்படி?

1906 ஏப்ரல் 25, புதன். ஹார்டியின் தீர்மானம் ஒற்றை வாக்கியம்: பாராளுமன்ற வாக்குரிமைக்குப் பாலினம் தடையாக இருப்பது நீங்க வேண்டும் என்பது இந்த அவையின் கருத்து. நான்காம் வரிசை, 155-ம் தொகுதி. 1906 தேர்தலில் தொழிற்கட்சி 29 இடம் பிடித்து, ஹார்டி ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் டேவிட் ஷாக்கிள்டனை முந்தி அவைக் கட்சியின் முதல் தலைவராகியிருந்த சமயம். 1901-ஐவிட நிலைமை மேல்தான். ஆனாலும் தனி உறுப்பினர் தீர்மானத்துக்குக் கிடைப்பது மாலை நேரத்தில் ஒரு துண்டு மட்டுமே. அப்போதைய விதியில் இரவு பதினொரு மணிக்கு விவாதம் அறும்.

வித்தை இங்கேதான். மணி அடிக்கும்போது யாராவது பேசிக்கொண்டிருந்தால் தீர்மானம் வாக்கெடுப்புக்குப் போகாது. லிபரல் உறுப்பினர் சாமுவேல் எவன்ஸ் கடைசி நிமிடங்களில் எழுந்தார், உட்காரவில்லை. அவ்வளவுதான்.

விவாதத்தை முடித்துவைக்கும் முடிவுத் தீர்மானம் கேட்டிருக்கலாமே என்றால், அதற்கு இரண்டு பூட்டு. சபாநாயகர் இசைய வேண்டும். இசைந்தாலும், ஆதரவாக வாக்களித்த பெரும்பான்மையில் குறைந்தது 100 பேர் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் அவைக்குள் நூறு பேரைப் பிடித்து வைத்திருப்பது பெரிய வேலை.

கம்பித் தட்டிக்குப் பின்னால் இருந்த பெண்கள் மாடத்திலிருந்து கூச்சல் எழுந்தது, காவலர்கள் அவர்களை வெளியேற்றினார்கள். மாடத்தில் நடப்பது அவை நடவடிக்கை அல்ல என்பது மரபு. அதனால் அந்தப் பகுதிக்கு ஹான்சார்டை நம்பாமல் மறுநாள் நாளிதழ்களுக்குப் போக வேண்டும். அந்தக் கம்பித் தட்டி 1917-ல்தான் கழற்றப்பட்டது.

"100 பவுண்ட் குறைக்க வேண்டும்" என்று அடிக்கடி வருகிறதே. இவ்வளவு சிறிய தொகைக்கு ஏன் சண்டை?

நம் சட்டமன்றத்து வெட்டுத் தீர்மானம்தான். மானியக் கோரிக்கையில் நூறு பவுண்டைக் குறைக்கச் சொல்வது பணத்துக்காக அல்ல, அந்தத் துறையின் கொள்கையை விவாதத்துக்கு இழுக்கும் கொக்கி. மக்களவையில் இன்றும் அடையாள வெட்டு நூறு ரூபாய்தான், எண்கூட மாறவில்லை.

இந்தக் கட்டங்களில் அவை குழுவாக அமர்ந்திருக்கும். நாற்காலியில் சபாநாயகர் இருக்க மாட்டார், குழுத் தலைவர் இருப்பார். "சபாநாயகர் கண்டித்தார்" என்று எழுதுமுன் இதைச் சரிபாருங்கள்.

1908 ஜூன் 4 நல்ல மாதிரி. ஏழாம் எட்வர்ட் மன்னர் ரெவால் துறைமுகத்தில் ரஷ்ய ஜாரைச் சந்திக்கப் போவதை எதிர்த்து, வெளியுறவுத் துறை மானியத்தின்மேல் தொழிற்கட்சி விவாதம் எழுப்பியது. அந்தச் சந்திப்பு ஜார் அரசின் கொடுமைகளுக்கு ஒப்புதல் கொடுப்பதாகும் என்றார் ஹார்டி. "கொடுமைகள்" என்ற சொல்லைத் திரும்பப் பெறச் சொல்லித் தலைவர் ஆணையிட்டார். கூச்சல், வாக்குவாதம், கடைசியில் விதிக்குப் பணிந்து ஹார்டி சொல்லைத் திரும்பப் பெற்றார்.

சொல் எங்கே போயிற்று? எங்கேயும் போகவில்லை. நம் அவைகளில் சபாநாயகர் "அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது" என்றால் அச்சில் காணாமல் போகும். வெஸ்ட்மின்ஸ்டரில், அதாவது பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில், அந்த வழக்கம் இல்லை. சொன்ன சொல்லும் இருக்கும், ஆட்சேபமும் இருக்கும், திரும்பப் பெற்றதும் இருக்கும். எனவே "ஹார்டி அப்படிச் சொன்னார்" என்று மட்டும் மேற்கோள் காட்டினால் பாதி உண்மை. அடுத்த சில வரிகளையும் சேர்த்துக் கொடுங்கள். அதன் பிறகு வின்ட்சர் அரண்மனைத் தோட்ட விருந்துக்கு ஹார்டிக்கு அழைப்பு வரவில்லை. அவருக்கு அது பெரிய இழப்பாக இருந்திருக்காது. ஆனால் வாக்காளர்களுக்கு அவமானம் என்று தொழிற்கட்சி அதைப் பெரிய பிரச்சினையாக்கியது.

இந்தியா பற்றி எங்கே பேசியிருக்கிறார்? வெட்டுத் தீர்மானங்களில் தேடினால் கிடைக்கவில்லையே.

கிடைக்காது, காரணம் இருக்கிறது. இந்தியாவுக்கான அமைச்சரின் சம்பளம் பிரிட்டிஷ் கஜானாவிலிருந்து அல்ல, இந்திய வரிப்பணத்திலிருந்து போயிற்று. காமன்ஸ் சபை வாக்களிக்காத சம்பளத்தை அது எப்படி வெட்டும்? 1919 இந்திய அரசுச் சட்டத்துக்குப் பிறகுதான் அந்தச் சம்பளம் பிரிட்டிஷ் கணக்குக்கு வந்தது. அதுவரை இந்தியாவைப் பேச வருடத்துக்கு ஒரு நாள்: கூட்டத்தொடரின் கடைசியில், ஜூலை அல்லது ஆகஸ்டில், இந்திய வரவுசெலவுக் கணக்கு விவாதம். பாதி உறுப்பினர்கள் ஊருக்குக் கிளம்பியிருப்பார்கள். இதையே குறிவைத்து 1906-ல் அந்த விவாதத்தில் ஹார்டி ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: அமைச்சரின் சம்பளத்தைப் பிரிட்டிஷ் மானியக் கோரிக்கையில் சேருங்கள். கணக்குப் பிள்ளை விஷயம்போலத் தோன்றும், ஆனால் இந்திய ஆட்சியைக் கேள்வி கேட்கும் கதவின் சாவி அதுதான்.

ஆகவே இந்தியாவுக்குத் தேட வேண்டிய இடங்கள் மூன்று: ஆண்டிறுதிக் கணக்கு விவாதம், கூட்டத்தொடர் தொடக்கத்தில் அரசுரைக்கு நன்றி தெரிவிக்கும் விவாதம், கேள்வி நேரம். 1907 இலையுதிர் காலத்தில் அவர் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். வங்கத்தில் அவர் பேசியதாக வந்த தந்திச் செய்திகள் லண்டனில் புயலைக் கிளப்பின. திரும்பி வந்தபின் 1908-லிருந்து அவருடைய இந்தியப் பேச்சில் ஊர், வரி, பஞ்சாயத்து என்று நேரில் பார்த்த தடம் தெரியும்.

பதில் சொல்பவர் பெயரையும் கவனியுங்கள். அமைச்சர் ஜான் மோர்லி 1908-ல் பிரபுவாகி மேல்சபைக்குப் போய்விட்டார். அதற்குப் பின் காமன்ஸில் பதில் சொன்னவர்கள் துணை அமைச்சர்கள்: தாமஸ் புக்கனன், பிறகு எலிபாங்க், 1910 முதல் எட்வின் மாண்டேகு. "மோர்லி ஹார்டிக்குப் பதிலளித்தார்" என்று 1909-க்கு எழுதினால் தவறு.

1908 திருநெல்வேலிக் கலகம், வ.உ.சி. வழக்கு பற்றி அந்த அவையில் வந்ததைத் தேட என்ன செய்ய வேண்டும்?

ஊரை அன்றைய ஆங்கில உச்சரிப்பில் தேட வேண்டும்: டின்னவேலி, ட்யூட்டிகொரின். பெயரை "சிதம்பரம் பிள்ளை" என்று இரண்டு சொல்லாக. தேதி வரம்பு 1908 மார்ச் 13-க்குப் பிறகு. ஜூலை 7-ல் தண்டனை, நவம்பரில் உயர்நீதிமன்றம் குறைத்தது, இந்த மூன்று புள்ளிகளைச் சுற்றிப் பாருங்கள். இந்தியா பற்றி அடிக்கடி எழுந்தவர்கள் ஹார்டி மட்டுமல்ல. ஹென்றி காட்டன், டாக்டர் ரூதர்ஃபோர்ட் பெயர்களிலும் தேடுங்கள். அஞ்சலில் செய்தி போய்ச் சேர வாரங்கள் ஆகும், தந்தியில் சுருக்கம்தான் போகும். "தகவல் இன்னும் வரவில்லை" என்ற பதில் வந்தால் அங்கேயே நிறுத்தாமல் இரண்டு மூன்று வாரம் தள்ளிப் பாருங்கள்.

1909 தென்னாப்பிரிக்க மசோதாவில் அவர் நிலை என்ன?

எதிர்ப்பு. தென்னாப்பிரிக்கக் காலனிகளை ஒரே ஒன்றியமாக இணைக்கும் மசோதா அது. 1909 ஆகஸ்ட் 16, இரண்டாம் வாசிப்பு, ஐந்தாம் வரிசை 9-ம் தொகுதி. புதிய ஒன்றியத்தின் பாராளுமன்றத்தில் ஐரோப்பிய வம்சாவளியினர் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற விதியைத்தான் ஹார்டியும் லிபரல் உறுப்பினர் சார்ல்ஸ் டில்க்கும் பிடித்தார்கள். பிரதமர் ஆஸ்க்வித் அந்த விதிக்கு வருத்தம் தெரிவித்துக்கொண்டே, கை வைத்தால் ஒன்றியமே கலைந்துவிடும் என்று மசோதாவை அப்படியே நிறைவேற்றிவிட்டார். தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் பகுதி இந்தியர்களுக்காகக் காந்தி அப்போது லண்டனில் இருந்தார். டிரான்ஸ்வாலில் அவர் நடத்திய சத்தியாகிரகத்தில் சிறை சென்றவர்களில் தமிழர்கள் ஏராளம். அந்த விவாதத்தை வாசிக்கும் தமிழர்களுக்கு அது வெளியூர்ச் செய்தி அல்ல.

சிறையில் பெண்களுக்குப் பலவந்தமாக உணவூட்டியது பற்றிய பதிவில் சிரிப்புச் சத்தம் உண்டா?

1909 செப்டம்பர் இறுதியில், பர்மிங்ஹாம் சிறையில் உண்ணாவிரதம் இருந்த வாக்குரிமைப் போராளிகளுக்குக் குழாய் வழியாக உணவு செலுத்தியது பற்றி ஹார்டி கேட்டார். உள்துறைக்காகத் துணை அமைச்சர் மாஸ்டர்மன் பதில் சொன்னார், அது மருத்துவச் சிகிச்சை என்ற தொனியில். அவையில் சிரித்தார்கள் என்று எப்படித் தெரியும் என்றால், ஹார்டியே நாளிதழுக்குக் கடிதம் எழுதி, உறுப்பினர்களின் அந்தக் கேலி தன்னை உலுக்கிவிட்டது என்றார். ஹான்சார்டின் கேள்வி–பதில் பக்கத்தை மட்டும் வாசித்தால் வறண்ட நிர்வாக உரையாடலாகத்தான் தெரியும். கேள்வி நேரப் பதிவுகளுக்கு அதே வாரத்து நாளிதழை எப்போதும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொழிலாளர் போராட்டங்கள் பற்றி முக்கியமானவை எவை?

1910 நவம்பரில் டோனிபாண்டி: சுரங்க வேலைநிறுத்தத்தில் போலீஸ் நடத்தை குறித்து விசாரணை கேட்டார், உள்துறை அமைச்சர் சர்ச்சில் மறுத்தார். 1911 ஆகஸ்ட் 22: ரயில் வேலைநிறுத்தத்தின்போது மூன்று நாள் முன்னர் வேல்ஸின் லனெல்லியில் ராணுவம் சுட்டு இருவர் இறந்திருந்தனர். அன்று ஹார்டிக்கும் நிதியமைச்சர் லாய்ட் ஜார்ஜுக்கும் நடந்த மோதல் ஐந்தாம் வரிசைக் காலத்தது. குறுக்கீடுகளோடு கிடைப்பதால் நேரில் பார்ப்பதுபோல் இருக்கும். 1901-ன் ஆறு பத்தியை வாசித்துவிட்டு உடனே இதைத் திறந்தால் இரண்டு பதிவு முறைகளின் வித்தியாசம் கைமேல் தெரியும்.

1894-ல் அரச குழந்தை பற்றிப் பேசியது இந்தக் காலத்தில் சேராதா?

சேராது, ஆனாலும் இணையத்தில் 1900-களின் பேச்சாகவே உலவுகிறது. அது 1894 ஜூன் 28. பிற்கால எட்டாம் எட்வர்ட் பிறந்ததற்கு வாழ்த்து. அதே வாரம் வேல்ஸின் அல்பியன் சுரங்க வெடிப்பில் இறந்த 290 பேரின் குடும்பங்களுக்கு அனுதாபத் தீர்மானம் இல்லை. அந்தக் கோபத்தில் பேசியது. வெஸ்ட் ஹாம் காலம், ஆகவே "மெர்தர் உறுப்பினர்" என்று போட்டுவிடாதீர்கள்.

1914 ஆகஸ்ட் 3 அன்று அவர் பேசவே இல்லை என்கிறார்களே?

பேசினார். குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், எல்லாரும் வெளியுறவு அமைச்சர் எட்வர்ட் கிரேயின் உரையைத் திறக்கிறார்கள்: ஐந்தாம் வரிசை, 65-ம் தொகுதி, பத்தி 1809 முதல் 1832. அது தனிப் பதிவு. அவை அன்று மாலை மீண்டும் விவாதித்தது. அது அடுத்த பத்திகளில் வேறு பதிவாக இருக்கிறது, ஹார்டி அங்கேதான். ஒரு நாளை முழுக்கப் பார்க்காமல் ஒரு தலைப்பை மட்டும் திறந்தால் இப்படித்தான் ஆகும்.

வாக்கெடுப்புப் பட்டியலில் அவர் பெயர் இல்லாவிட்டால் வராமல் இருந்தார் என்று அர்த்தமா?

அவசரப்படாதீர்கள். வாக்குகளை எண்ணுபவர்கள் பக்கத்துக்கு இருவர். அவர்கள் பெயர் ஆதரவு–எதிர்ப்புப் பட்டியலுக்குள் வராது, எண்ணிக்கையிலும் சேராது, பட்டியலின் அடியில் தனியாக இருக்கும். அங்கே பார்த்தபின் முடிவெடுங்கள். இரு கட்சிகளிலிருந்தும் ஒவ்வொருவர் பேசிவைத்துக்கொண்டு வராமல் இருக்கும் இணை ஒப்பந்தமும் உண்டு. அது ஹான்சார்டில் பதிவாகாது.

"கண்ணியமிக்க உறுப்பினர்" போன்ற சொற்களைத் தமிழில் எப்படிப் போடுவது?

அவையில் பெயர் சொல்லி அழைப்பதில்லை. சாதாரண உறுப்பினருக்கு ஓர் அடைமொழி, பிரிவி கவுன்சில் (மன்னரின் ஆலோசனைக் குழு; மூத்த அமைச்சர்கள் அதில் இருப்பார்கள்) உறுப்பினருக்குக் கூடுதல் அடைமொழி, சொந்தக் கட்சிக்காரர் என்றால் "நண்பர்". "மாண்புமிகு" என்று எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், யார் அமைச்சர், யார் பின்வரிசை, யார் சொந்தக் கட்சி என்ற மூன்று தகவலும் மறைந்துபோகும். அமைச்சருக்கு "மாண்புமிகு", மற்றவருக்கு "மதிப்பிற்குரிய உறுப்பினர்", கட்சிக்காரருக்கு "மதிப்பிற்குரிய நண்பர்" என்று வைத்துக்கொண்டால் போதும். ஹார்டிக்கு 1906-க்கு முன் அவையில் "நண்பர்" என்று சொல்ல யார் இருந்தார்கள் என்பதை அந்த ஒரு சொல்லைப் பின்தொடர்ந்தே பார்த்துவிடலாம்.